ரோசிட் என்றொரு பிசுபிசுத்த சொல்

1786-இல் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் ஒரு பேனைப் பற்றிக் கவிதை எழுதினார். தேவாலயத்தில் ஒரு பெண் புதுப்பாணித் தொப்பி அணிந்து மிடுக்காக உட்கார்ந்திருக்கிறாள். அந்தத் தொப்பியின் மேல் ஒரு பேன் ஏறிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கவிஞர், பேனை வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். உன்னைத் தொலைக்க இப்போது ஏதாவது மருந்து கையில் இருக்கக் கூடாதா என்கிறார். அவர் கேட்கும் மருந்துகளில் ஒன்று, பாதரசம் கலந்த ரோசிட்.

ரோசிட் என்றால் பைன் மரப் பிசின். பைன் பாலைக் காய்ச்சி டர்பன்டைனை வடித்தெடுத்த பிறகு அடியில் தங்கும் கட்டிக்கும் அதே பெயர்தான். ஆங்கிலத்தில் ரோசின் என்பதை ஸ்காட்ஸ் மொழி ரோசிட், ரோசெட் என்று தன் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. ஸ்காட்ஸ் என்பது ஆங்கிலத்தின் கொச்சை வடிவம் அல்ல. ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதிகளிலும் வடகிழக்குக் கரையிலும் பேசப்படும், ஆங்கிலத்துக்கு அக்கா தங்கை முறையாகும் ஒரு மொழி. ஹைலேண்ட்ஸ் மலைநாட்டின் கேலிக் மொழி இதிலிருந்து முற்றிலும் வேறு.

டர்பன்டைன் என்ற சொல்லும் ஸ்காட்லாந்தில் பல நூறு ஆண்டுகளாக உண்டு. ஆனால் அது மருந்துக்கடைப் புட்டியோடும் கப்பல் சரக்கோடும் வந்த சொல். ரோசிட் அப்படியல்ல. மூலத்தைத் தேடிப் போனால் அதுவும் பிரெஞ்சு, லத்தீன் வழி வந்ததுதான். ஆனால் செருப்புத் தைப்பவர் கையிலும் பிடில்காரர் வில்லிலும் அடுப்பங்கரையிலும் புழங்கிப் புழங்கி, ஊர்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. எது தினமும் கையில் ஒட்டியதோ அதன் பெயரைத்தான் ஸ்காட்ஸ் மக்கள் தங்கள் சொல்லாக ஆக்கிக்கொண்டார்கள் என்பது என் எண்ணம். இந்த ஒரு மரப்பாலின் பெயர்களைப் பின்தொடர்ந்தால் அது நன்றாகத் தெரிகிறது.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். பைன் மரத்தின் பட்டையைச் செதுக்கினால், காயத்தை மூடுவதற்காக மரம் ஒரு பாலை வடிக்கும். தேன் பதத்தில் இருக்கும். காற்றுப் பட்டால் இறுகும். இதைக் காய்ச்சி வடித்தால் இரண்டாகப் பிரிகிறது. ஆவியாகிப் போய்க் குளிர்ந்து சொட்டுவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதுதான் தண்ணீர் போலத் தெளிந்த, மூக்கைத் துளைக்கும் தைலம். கொப்பரையில் மிஞ்சுவது ரோசின், அதாவது ரோசிட். பால் எடுக்காமல், பைன் வேர்களையும் கட்டைகளையும் மண்மூடிய குழியில் காற்றில்லாமல் புகையவிட்டால் கிடைப்பது மரத்தார். நம் ரோட்டில் ஊற்றும் தார் வேறு, இது வேறு.

பெயர்க் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பழைய ஏடுகளில் டர்பன்டைன் என்றால் அந்தப் பால்தான். வடித்த தைலத்தை டர்பன்டைன் எண்ணெய் என்றோ டர்பன்டைன் ஸ்பிரிட் என்றோ தனியாகக் குறிப்பிடுவார்கள். நாளடைவில் வால் அறுந்து, டர்பன்டைன் என்றாலே தைலம் என்றாகிவிட்டது. ஆகவே 300 ஆண்டுகளுக்கு முந்தைய மருந்துக் குறிப்பில் இந்தச் சொல்லைக் கண்டு, இன்று பெயின்ட் கடையில் கிடைக்கும் திரவத்தை நினைத்துக்கொண்டால் தவறாகப் போய்விடும்.

அதற்கும் முன்னால் இந்தப் பெயருக்கும் பைன் மரத்துக்கும் சம்பந்தமே இல்லை. கிரேக்க மொழியில் தெரெபிந்தோஸ் என்பது பிஸ்தா மரத்தின் உறவான ஒரு சிறு மரம். கியோஸ் தீவில் அதன் பால் எடுக்கப்பட்டது. அந்தப் பிசினின் லத்தீன் பெயர் பிரெஞ்சுக்குள் புகுந்து, அங்கிருந்து பிரிட்டன் தீவுக்கு வரும்போது டர்பன்டைன் ஆயிற்று. இதற்குள் பெயர் மரம் மாறிவிட்டது. ஆல்ப்ஸ் மலையின் லார்ச் மரப்பால் வெனிஸ் நகரத்து வணிகர் வழியாக வந்ததால் வெனிஸ் டர்பன்டைன். வெள்ளி ஃபர் மரத்தின் பால் ஸ்ட்ராஸ்பர்க் டர்பன்டைன். மருத்துவர்கள் இவற்றைத் தனித்தனிச் சரக்காகவே பார்த்தார்கள். எடின்பரோவில் அரச மருத்துவர் கல்லூரி 1699-இல் தன் முதல் மருந்துத் தொகுப்பை வெளியிட்டது. அந்த உலகத்தில் எல்லாப் பெயரும் லத்தீன்தான். சரக்கும் வெளிநாடு, பெயரும் வெளிநாடு.

வெனிஸ் டர்பன்டைன் தரும் அந்த லார்ச் மரமே ஸ்காட்லாந்துக்கு வந்து சேர்ந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1738-இல் கல்டேர்ஸ் ஊர் மென்சீஸ் என்பவர் ஆல்ப்ஸிலிருந்து லார்ச் கன்றுகளைத் தன் பெட்டியோடு கொண்டுவந்து அத்தோல் பிரபுவிடம் சிலவற்றைக் கொடுத்தார். பெர்த்ஷயரில் டன்கெல்ட் தேவாலயத்துக்குப் பக்கத்தில் அன்று நட்டவற்றில் ஒன்று இன்றும் நிற்கிறது. அடுத்தடுத்து வந்த பிரபுக்கள் மலைச்சரிவெல்லாம் லட்சக்கணக்கில் லார்ச் நட்டார்கள். பாலுக்காக அல்ல, கட்டைக்காக. லார்ச் கட்டை கப்பலுக்கு ஆகுமா என்று சோதித்துப் பார்க்கவே அத்தோல் என்ற பெயரில் ஒரு போர்க்கப்பலை 1820-இல் வெள்ளோட்டம் விட்டார்கள்.

அந்த மரத்துக்கு ஆற்றின் மறுகரையில், இன்வர் என்ற சிற்றூரில், நீல் கவ் வாழ்ந்தார். 1727-இல் பிறந்து 1807-இல் மறைந்தவர். ஸ்காட்லாந்தின் பிடில் இசைக்கு அவரைவிடப் பெரிய பெயர் கிடையாது. 1787-இல் பர்ன்ஸ் அவரைத் தேடிப்போய்ச் சந்தித்தார். பேன் கவிதை எழுதி ஓராண்டு ஆகியிருந்தது. கவிஞருக்கு ரோசிட் பேன் மருந்து. கவ்வுக்கு அதுதான் பிழைப்பு. வில்லின் குதிரைமயிரில் ரோசிட் தேய்க்காவிட்டால் அது தந்தியில் வழுக்கிக்கொண்டு போகும், சத்தமே வராது. தேய்த்தால்தான் மயிர் தந்தியைப் பிடித்து இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை நடக்கும் இந்தப் பிடித்தலும் விடுதலும்தான் நாம் கேட்கும் நாதம். நம்மூர் வயலின் வித்வான்களின் பெட்டியில் துணியில் சுற்றி வைத்திருக்கும் அந்தத் தேன்நிறக் கட்டியும் இதே பொருள்தான். வாசித்து முடித்தபின் தந்திக்கு அடியில் படிந்திருக்கும் வெள்ளைத் தூளை விரலால் தொட்டு முகர்ந்து பாருங்கள், லேசாக பைன் காட்டு வாசம் வரும்.

பிடில்காரரைவிட அதிகமாக ரோசிட்டில் கை வைத்தவர் சௌட்டர், அதாவது செருப்புத் தைப்பவர். சணல் இழைகளைத் திரித்து, அதன்மேல் ரோசிட்டும் மெழுகும் ஏற்றி உருட்டுவார். நுனியில் ஊசிக்குப் பதிலாக ஒரு காட்டுப்பன்றி மயிர். குத்தூசி போட்ட ஓட்டையில் இரும்பு ஊசியைவிட அந்த மயிர் வளைந்து நுழையும். இந்த நூலுக்கு ரோசிட்-எண்ட் என்று பெயர். ஓட்டையை அடைத்துக்கொண்டு இறுகுவதால் ஈரமான மண்ணிலும் தையல் விடாது. செல்கர்க் நகரம் செருப்புத் தொழிலுக்குப் பேர்போனது. அந்த ஊர் ஒருவரைத் தன் நகரவாசியாக ஏற்கும்போது, பன்றிமயிர்க் கற்றை ஒன்றை அவர் வாயில் வைத்து இழுக்கச் சொல்வது வழக்கம். நூல் நுனியில் மயிரைச் சேர்க்கும்போது அதை உதட்டில் கவ்விக்கொள்ளும் தொழிலாளியின் பழக்கம் ஊர்ச் சடங்காகிவிட்டது. 1819-இல் ஜெர்மானிய இளவரசர் லியோபோல்ட் வந்தபோது அவரும் அதைச் செய்தார். பிற்பாடு பெல்ஜியத்தின் முதல் அரசரானவர் அவர். தொழிலாளியின் உதடு தொட்டதை இளவரசரின் உதடும் தொடவேண்டும் என்று ஒரு ஊர் விதி வைத்திருந்தது எனக்குச் சிறிய விஷயமாகத் தெரியவில்லை.

வடகிழக்கே அபர்டீன் பக்கம் போனால் இந்தச் சொல் அடுப்புக்குள் போகிறது. அங்கே ரோசிட்டி ரீட்ஸ் என்பார்கள். ரீட்ஸ் என்றால் வேர்கள். சேற்றுநிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புதைந்து கிடக்கும் பைன் மரங்களின் அடிக்கட்டைகளைத் தோண்டி எடுப்பார்கள். மரம் செத்தாலும் பிசின் சாகவில்லை. உலர்த்தி ஒரு தீப்பொறி காட்டினால் குப்பென்று பற்றும். கரி அடுப்பு மூட்ட இதைவிட நல்லது கிடையாது. இதையே மெல்லிய கம்புகளாகப் பிளந்தால் விளக்கு. ஃபிர்-கேன்டில், அதாவது பைன் மெழுகுவர்த்தி. (பெயர் ஃபிர் என்றாலும் மரம் பைன்தான். ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் பைனை வெகுகாலம் ஃபிர் என்றே அழைத்தார்கள்.) குளிர்கால மாலையில் நூற்கவும் பின்னவும் அந்த வெளிச்சம்தான். ஒரு கம்பு அதிக நேரம் எரியாது, ஒன்று மாற்றி ஒன்று யாராவது பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். பிறகு ஒரு கல்லிலோ கட்டையிலோ நிற்கும் இரும்புக் கவ்வி செய்து அதில் சொருகினார்கள். அந்தக் கவ்விக்கு அவர்கள் வைத்த பெயர் பீர்மேன். ஏழை மனிதன் என்று பொருள். இரவு தங்க இடம் கேட்டு வரும் பிச்சைக்காரர், அதற்குக் கைம்மாறாகப் பைன் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். அவர் இடத்துக்கு இரும்பு வந்ததும் அவர் பெயரும் இரும்புக்குப் போயிற்று.

இதே பைன் வெளிச்சத்தை வைத்து ஹைலேண்ட்ஸில் ஒரு கதையும் சொல்வார்கள். கெப்போக் குலத்தலைவர் இங்கிலாந்தில் ஒரு பெரிய வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்குகளைப் பார்த்து, என் வீட்டில் இதைவிட உயர்ந்தவை இருக்கின்றன என்று பந்தயம் கட்டினார். வந்து பார்த்தவர்களுக்கு அவர் காட்டியது, விருந்து மேசையைச் சுற்றிக் கையில் பைன் பந்தம் ஏந்தி நின்ற தன் குலத்து ஆட்களை. இவர்களில் ஒருவனை எந்தச் சுரங்கத்துத் தங்கம் கொடுத்தும் வாங்க முடியாது என்றாராம்.

சரி, இப்போது தாருக்கு வருவோம். தாழ்நிலத்தின் ஆடுகளும் தாரும் பிரிக்க முடியாதவை. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பர் வாக்கில், பனி விழுவதற்கு முன், ஆடுகளுக்குப் பூச்சு போடுவார்கள். மரத்தாரும் வெண்ணெயும் கலந்த பூச்சு. ஆட்டை ஒரு நீண்ட மணையில் படுக்கவைத்து, ரோமத்தை வகிடு வகிடாகப் பிரித்து, தெரியும் தோலில் விரலால் ஒரு கோடு இழுக்கவேண்டும். பக்கத்தில் இன்னொரு வகிடு, இன்னொரு கோடு. முழு ஆட்டுக்கும் அப்படியே. நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஓர் ஆளுக்கு இருபது முப்பது ஆட்டைத் தாண்டாது. உண்ணியும் சொறியும் அண்டாது, மழை உள்ளே இறங்காது என்பது கணக்கு. ரோமம் கறுத்துப்போகும், விலையும் குறையும். ஆனாலும் ஆடு பிழைக்கும். ஆட்டுக்காரராகவே வாழ்ந்து எழுத்தாளரான ஜேம்ஸ் ஹாக், 1807-இல் ஆட்டு நோய்களுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். அந்த மக்களுக்கு இது எவ்வளவு முக்கியமான அறிவு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தார் அப்படி ஒட்டிக்கொண்டதால் சொற்களும் ஒட்டின. ஆட்டின் மேல் தாரால் இடும் உரிமையாளர் அடையாளத்துக்கு பூஸ்ட் என்று பெயர். கை நீளமுள்ள திருடனைத் தார்விரல்காரன் என்றார்கள். தொட்டதெல்லாம் விரலோடு வந்துவிடும். மாலுமிக்குத் தார்க்காற்சட்டை என்று பெயர். அரைக்காசுத் தாருக்குக் கணக்குப் பார்த்துக் கப்பலைக் கெடுக்காதே என்ற ஆங்கிலப் பழமொழியில்கூட முதலில் இருந்தது கப்பல் அல்ல, ஆடு. பழைய வடிவத்தில் ஹாக் என்று வரும். ஸ்காட்ஸிலும் வட இங்கிலாந்திலும் அது முதல் ரோமம் வெட்டாத இளம் ஆட்டைக் குறிக்கும் சொல். மேய்ப்பர்களின் பழமொழியை நகரத்தார் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இந்தத் தார் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி பால்டிக் கடல் வழியாக ஸ்வீடனிலிருந்தும், வெள்ளைக்கடல் வழியாக ரஷ்யாவின் ஆர்க்காங்கெல்ஸ்கிலிருந்தும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடனின் தார் வணிகக் கம்பெனி விலையையும் அளவையும் தன் இஷ்டத்துக்கு வைத்தபோது லண்டன் அரசு பயந்துபோனது. தார் இல்லாவிட்டால் கடற்படை இல்லை. 1705 முதல் அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் சரக்குக்கு மானியம் கொடுத்தது. தாருக்கும், தாரைக் காய்ச்சி இறுக்கிய கீலுக்கும் டன்னுக்கு 4 பவுண்டு, ரோசினுக்கும் டர்பன்டைனுக்கும் 3 பவுண்டு. வட கரோலினாவின் நீளிலைப் பைன் காடுகள் இந்தப் பணத்தால் திறந்துகொண்டன.

ஸ்காட்லாந்துக்காரர்களும் அங்கே போனார்கள். 1739-இல் ஆர்கைல் பகுதியிலிருந்து ஏறத்தாழ 350 பேர் கேப் ஃபியர் ஆற்றங்கரையில் குடியேறினார்கள். ஹைலேண்ட்ஸ் கிளர்ச்சி முறியடிக்கப்பட்ட 1746-ஆம் ஆண்டுக் கலோடன் போருக்குப் பிறகு இன்னும் பலர். அங்கே கேலிக் மொழியில் பிரசங்கம் நடந்தது. அந்தக் காடுகளில் தாரும் டர்பன்டைனும்தான் வருமானம். மரத்தின் அடியில் கோடாரியால் ஒரு குழி வெட்டுவார்கள், அதற்குப் பாக்ஸ் என்று பெயர். மேலே பட்டையைச் செதுக்கச் செதுக்கப் பால் குழியில் இறங்கும். அதை அள்ளுவது டிப். மரத்தின் மேலேயே காய்ந்து ஒட்டியதைச் சுரண்டுவது ஸ்கிரேப். பிற்காலத்தில் ஏறத்தாழ 10,000 குழிகள் சேர்ந்ததை ஒரு கிராப், ஒரு வெள்ளாமை, என்று கணக்கு வைத்தார்கள். இந்த வேலையை நாளெல்லாம் செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்கள். எடின்பரோ மருந்துக்கடையில் ஒரு புட்டி டர்பன்டைன் வாங்கியவருக்கு அந்தக் கோடாரிச் சத்தம் கேட்டிருக்காது. வெளிநாட்டுப் பெயரோடு வரும் சரக்கில் செய்தவர்களின் கை மறைந்துபோகிறது. டர்பன்டைன் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

அமெரிக்கப் போர் 1775-இல் வெடித்ததும் அந்த வரத்து நின்றது. அப்போதுதான் ஒரு ஸ்காட்லாந்துப் பிரபுவுக்கு யோசனை வந்தது. ஒன்பதாம் டன்டோனல்ட் பிரபு ஆர்ச்சிபால்ட் காக்ரன், ஃபைஃப் கரையில் கல்ரோஸ் ஊரில், தன் நிலத்தடி நிலக்கரியைச் சூளையில் வாட்டித் தார் எடுத்தார். 1781-இல் காப்புரிமை வாங்கினார். கப்பலின் அடிப்பகுதியைக் குடையும் புழுவுக்கு இது சரியான மருந்து என்று நம்பினார். கடற்படையோ கப்பலுக்குச் செப்புத்தகடு அடிக்க முடிவுசெய்தது. அவர் சொத்தெல்லாம் கரைந்தது. 1831-இல் பாரிஸில் வறுமையில் இறந்தார்.

ஆனால் நிலக்கரித் தார் அவரோடு போகவில்லை. ரப்பரைக் கரைக்க அதுவரை டர்பன்டைனைப் பயன்படுத்திப் பார்த்திருந்தார்கள்; 1791-இலேயே இங்கிலாந்தில் சாமுவேல் பீல் அப்படித் துணிக்கு நீர்காப்புச் செய்யக் காப்புரிமை எடுத்திருந்தார். எடின்பரோ மருத்துவ மாணவர் ஜேம்ஸ் சைம் 1818-இல் நிலக்கரித் தாரிலிருந்து வரும் நாப்தா என்ற திரவத்தில் ரப்பர் நன்றாகக் கரைவதை எழுதிவைத்தார். 1823-இல் கிளாஸ்கோவின் சார்லஸ் மேக்கின்டாஷ் அதைக் கொண்டு இரு துணிகளுக்கிடையே ரப்பர் பூசி மழைக்கோட்டு செய்தார். டர்பன்டைன் ஓரிடம் இழந்தது. விளக்கில் இன்னோரிடம். 1840-களில் டர்பன்டைனைச் சுத்தப்படுத்திக் கேம்ஃபின் என்ற பெயரில் விளக்கு எரிக்கும் எண்ணெயாக விற்றார்கள். வெளிச்சம் நன்றாக இருக்கும், புகையும், சமயத்தில் வெடிக்கும். கிளாஸ்கோவில் பிறந்த ஜேம்ஸ் யங், பாத்கேட் பக்கத்து நிலக்கரியிலிருந்து எண்ணெய் வடிக்க 1850-இல் காப்புரிமை பெற்று அடுத்த ஆண்டே ஆலை தொடங்கினார். பாரஃபின் யங் என்றே அவருக்குப் பெயர். பிரிட்டனில் இன்றும் மண்ணெண்ணெய்க்குப் பெயர் பாரஃபின்.

மருந்தாக டர்பன்டைன் இன்னும் கொஞ்சநாள் தாக்குப்பிடித்தது. அபர்டீன்ஷயரில் பிறந்து பாத் நகரில் வைத்தியம் பார்த்த ஜார்ஜ் செய்ன், இடுப்பிலிருந்து காலுக்கு இழுக்கும் நரம்புவலிக்கு டர்பன்டைன் தைலத்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொன்னார். சூடான கம்பளித் துணியில் தெளித்து வயிற்றிலும் நெஞ்சிலும் ஒத்தடம் கொடுத்தார்கள். குதிரைக்கும் மாட்டுக்கும் வயிறு உப்பினால் ஆளிவிதை எண்ணெயோடு கலந்து புகட்டினார்கள். உள்ளே போனதும் நோயாளியின் சிறுநீர் வயலட் பூ வாசம் வீசும் என்பதை எல்லா வைத்தியரும் அறிந்திருந்தார்கள். வாசம் அழகானதுதான், ஆனால் கூடவே சிறுநீரகம் புண்ணாகும். இது விஷம். இன்று யாரும் வாயில் வைக்கக் கூடாது.

பெயரின் பயணம் பிறகும் நிற்கவில்லை. பிஸ்தா உறவுமரத்தில் தொடங்கி, லார்ச்சுக்கும் பைனுக்கும் தாவி, பாலிலிருந்து தைலத்துக்கு மாறி, கடைசியில் மரத்தையே விட்டுவிட்டது. நம் ஊர் பெயின்ட் கடையில் டர்பன்டைன் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது மினரல் டர்பன்டைன், கச்சா எண்ணெயிலிருந்து வந்தது. பைன் தைலம் வேறு வழியில் நம் வீட்டுக்குள் வருகிறது. இன்று சாமிக்கு ஏற்றும் கற்பூரத்தில் பெரும்பகுதி அதிலிருந்து ஆலையில் செய்யப்படுவது. டர்பன்டைனுக்குத் தமிழில் கற்பூரத் தைலம் என்று பெயர் வைத்தவர்கள் வாசத்தை வைத்தே சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் பர்க்ஹெட் என்ற மீனவ ஊரில், நாட்காட்டி மாறியதை ஏற்காத பழைய புத்தாண்டுக் கணக்குப்படி, ஜனவரி 11 இரவு க்ளேவி எரிப்பார்கள். பாதியாக வெட்டிய பீப்பாயில் விறகும் தாரும் நிரப்பிப் பற்றவைத்து, தோளில் சுமந்து தெருத் தெருவாகப் போவார்கள். தார் சொட்டும், தீ முதுகுப் பக்கம் இறங்கும், ஆள் மாற்றி ஆள் தோள் கொடுப்பார்கள். வழியில் சில வீட்டு வாசலில் எரியும் துண்டு ஒன்றைக் கொடுப்பார்கள். கடைசியில் டூரி மேட்டில் நிறுத்தி எரியவிட்டு, அணைந்த பிறகு கரித்துண்டுகளை அள்ளிக்கொள்வார்கள். வீட்டில் வைத்தால் ஆண்டு முழுக்க நல்லது என்று நம்பிக்கை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தபாலில் அனுப்புகிறவர்களும் உண்டு.